முதல் டிரைவரின் சால்வை

"சின்னவரே, அடியில பூந்து பாருங்க. இந்த வருஷம் உங்க பேரு எப்பிடி ஜொலிச்சிகினு இருக்குதுன்னு பாருங்க!"

துரைக்கண்ணு டார்ச் விளக்கை நீட்டினார். நெய்தவர் அவர். முகத்தில் அவ்வளவு பெருமை.

கமலக்கண்ணன் சிரித்துக்கொண்டே வாங்கினான். பட்டின் நல்ல பக்கம் தறியில் கீழே பார்த்தபடிதான் இருக்கும். மேலே தெரிவது பின்பக்கம், வெறும் நூல் ஓட்டம். பேரைப் பார்க்க வேண்டுமானால் தரையில் படுத்துத் தறிக்கடியில் தலையை நுழைக்க வேண்டும். அவனுக்கு அது ஒரு வேலையே இல்லை. பதினோரு வருஷமாகப் பந்தயக் காருக்கு அடியில் படுத்துப் பழகிய உடம்பு.

போகிப் புகை இன்னும் ஆரணியை விட்டுப் போகவில்லை. கண் எரிந்தது. டார்ச்சை அடித்தான்.

சால்வைக்கு ஒரு கதை உண்டு. சென்னையில் அவனுடைய பந்தய அணியின் முதலாளி, சீசன் தொடங்கும் நாளில் கார்களுக்குப் பூஜை போட்டு, தன் முதல் டிரைவருக்கு ஒரு பட்டுச் சால்வை போர்த்துவார். சரிகையில் அந்த டிரைவரின் பெயர் இருக்கும். ஏழு வருஷமாக அது கமலக்கண்ணனின் பெயர். நெய்து தருவது ஆரணியில் அவன் அண்ணன் சிவப்பிரகாசத்தின் தறி. தம்பி பேரை அண்ணன் வீட்டிலேயே நெய்வது என்றால் சும்மாவா? தெருவே பேசும்.

இந்தத் தடவை அந்தச் சால்வை அவனுக்கு உயிர்.

போன மாதம், இருங்காட்டுக்கோட்டையில் வருஷத்தின் கடைசிப் பந்தயம். கடைசிச் சுற்று, கடைசி வளைவு. முன்னால் அவன். பின்னால் அதே அணியின் இன்னொரு காரில் சந்திரமோகன், முதலாளியின் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிற பையன். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை பேரில் ஒரு பட்டம் இருக்கட்டும், இந்த ஒரு தடவை வழி விடு, அடுத்த வருஷமும் முதல் கார் உனக்குத்தான் என்று முதலாளி கேட்டிருந்தார்.

கமலக்கண்ணன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான். பையன் தாண்டிப் போனான். இரண்டே இரண்டு புள்ளியில் சாம்பியன் பட்டம் போயிற்று.

முப்பத்திநாலு வயதில் வேறு எந்த அணி கூப்பிடப் போகிறது? கையில் இருந்தது முதலாளியின் வாக்கு ஒன்றுதான்.

டார்ச் வெளிச்சத்தில் சரிகை எழுத்துகள் தகதகவென்று மின்னின.

சந்திரமோகன்.

அவன் மறுபடியும் படித்தான். விரலால் தடவிப் பார்த்தான்.

"எப்பிடி? நல்லா இருக்குதுங்களா?" என்றார் துரைக்கண்ணு மேலேயிருந்து.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தறிக்கு மேலே மாட்டும் டிசைன் அட்டையில் எங்கே துளையோ அங்கே சரிகை ஏறும். நெய்வதற்கு அது போதும்.

"நல்லா வந்திருக்குது" என்றான். முதலாளியின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. வாக்குக் கொடுத்த வாய் அழுகிப் போகட்டும் என்று மனசாரச் சபித்தான்.

பாவம், அண்ணனுக்கு இது நேற்றோ முந்தாநாளோதான் தெரிந்திருக்கும். பண்டிகை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார். எப்படித் துடித்திருப்பார்!

தறிக்கடியில் படுத்தபடியே கேட்டான். "இந்த அட்டை எப்ப வந்துது?"

"ஐப்பசியிலயே வந்துடுச்சுங்க. பழச எலி கடிச்சிடுச்சின்னு பெரியவரே காஞ்சிவரம் போயி புதுசா அடிச்சாந்தாரு. நீங்க ஊருக்குப் போனப்பறம் தறியில ஏத்துன்னாரு. நாந்தான், நீங்க இருக்கும்போதே பாக்கட்டுமேன்னு ஜல்தியா ஏத்திட்டேன்."

ஐப்பசி.

பந்தயம் நடந்தது மார்கழியில்.

சுற்றிலும் மற்ற தறிகள் ஆறும் ஓடிக்கொண்டிருந்தன. ஆறிலும் முதலாளி வீட்டுக் கல்யாணப் பட்டு. அந்த ஆர்டர் வந்ததும் ஐப்பசியில்தான். தம்பியால் வந்த அதிர்ஷ்டம் என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

முதலாளி கேட்டபோது கமலக்கண்ணன் முடியாது என்றுதான் சொன்னான். முகத்துக்கு நேராகச் சொன்னான். இரண்டு நாள் அவர் கெஞ்சியும் அசையவில்லை. பந்தயத்தன்று காலையில் லாட்ஜுக்கு ஒரு போன் வந்தது. "எனக்காக ஒரே ஒரு தபா உட்டுக் குடுடா கண்ணா. உன் எடம் எங்கயும் போவாது. நானே மொதலாளிகிட்ட கேட்டுட்டேன்."

அப்பா போன பிறகு அவனைப் படிக்கவைத்து, முதல் ஹெல்மெட்டை வாங்கிக் கொடுத்த அண்ணன். அதுவரை தம்பியிடம் எதையும் கேட்டதில்லை. அந்தக் குரலுக்காகத்தான் காலை எடுத்தான்.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. கரும்புக் கட்டை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

துரைக்கண்ணு சந்தோஷம் தாங்காமல் குரல் கொடுத்தார். "பெரியவரே, சின்னவரு பாத்துட்டாரு!"

கமலக்கண்ணன் எழுந்திருக்காமல் அங்கேயே கிடந்தான். உள்ளே வந்துகொண்டிருந்த செருப்புச் சத்தம் நடைவழியிலேயே நின்றுவிட்டது.