ஆட்டுத்தோலின் அளவு

ஆம்பூரில் அந்தச் சின்ன ஷூ கம்பெனியின் ஆபீஸ் அறை. லேப்டாப் திரையில், ஷூவுக்குப் புதிய தரவிதி எழுதும் குழுவின் முகங்கள். எல்லாம் பெரிய கம்பெனிக்காரர்கள். "ஷூவோட மேல்தோல் குறைஞ்சது ரெண்டு மில்லிமீட்டர் தடிமன். எல்லாருக்கும் சம்மதமா?" என்கிறார் தலைவர். திரைக்கு முன்னால் அக்சாவும் அவள் கணவனும்; கம்பெனி இவர்களுடையது. இவர்கள் தைப்பதோ மெல்லிய ஆட்டுத்தோல். இந்த விதி வந்தால், வெளியே தடதடக்கும் தையல் மிஷின்கள் ஓய்ந்துவிடும். கணவன் ரெனால்ட் ஒரு தோல் துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறான். "ஏங்க, இன்னா யோசனை? மைக்க போடுங்க." "பெரிய ஆளுங்க, சிரிப்பாங்க அக்சா." "சிரிக்கட்டும். போன கூட்டத்துக்குப் போவாம, அவங்க போட்ட அளவுக்கு ஷூ அச்செல்லாம் மாத்தி பேஜாரானது போதாதா?" அவளே பட்டனை அழுத்துகிறாள். "சார்... ஆட்டுத்தோல் அவ்ளோ தடியா வராது. ஆனா கிழியாது சார்" என்கிறான் ரெனால்ட். "அப்ப ஆட்டுத்தோலுக்குத் தனியா எழுதலாம். எவ்ளோ இருக்கணும், நீங்களே சொல்லுங்க" என்கிறார் தலைவர். தொழில் பழக்கத்தில் ரெனால்ட் தோலை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்துக் கேமராவில் காட்டுகிறான். "இவ்ளோ சார்." யாரோ சிரிக்கிறார்கள். அக்சா தடிமன் பார்க்கும் கேஜை அவசரமாக அவன் கையில் திணிக்கிறாள். தோலைக் கவ்விய கேஜின் முள் எண்களின் மேல் ஆடுகிறது. அது நிற்பதற்காக அத்தனை பெரிய முகங்களும் காத்திருக்கின்றன.