மலையேறிய கட்டில்

“என்னத்தா அன்னக்கொடி, இது உழுமா, இல்ல பயிரத் தாலாட்டித் தூங்க வைக்குமா?”

மொக்கச்சாமி கேட்டதும் ராசிங்காபுரம் வெல்டிங் பட்டறை வாசலில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அவர் அதையே மறுபடியும் சொல்வார்.

அன்னக்கொடி கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். பட்டறை அவளுடையது. முன்னால் கிடந்ததும் அவள் செய்ததுதான். மினி டிராக்டருக்குப் பின்னால் மாட்டி, மக்காச்சோளத்தின் தூரில் மண் அணைக்கிற கருவி. மண்ணைக் கிளறுவதற்குக் குரங்கணி மலைக்கு ஓடின ஜீப்பிலிருந்து கழித்துப் போட்ட ஸ்பிரிங் பட்டை. சட்டத்துக்குப் பழைய இரும்புக் கட்டில்.

“ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே. ஒங்க சோளம் முழங்காலுக்கு வந்துருச்சு. மண்ணு அணைக்காம விட்டா ஆடிக் காத்து மொத்தத்தையும் படுக்கப் போட்டுரும். ஆளுக்கு எங்க போவீக?”

ஆள் கிடைக்காதுதான். விடிந்தால் ஊர்ப் பெண்கள் எல்லாம் ஏலக்காய் எடுக்க ஜீப்பில் மலையேறிவிடுகிறார்கள். ரெண்டு ஏக்கரும் சாய்ந்தால் மொக்கச்சாமிக்கு இந்த வருஷ வெள்ளாமை அவ்வளவுதான்.

“க்கும்...”

இது செருமல் இல்லை. அவருடைய முன்னுரை.

“என் காட்டுல கம்பெனி சாமானத் தவிர வேற எதுவும் எறங்காது. கட்டில் கால் எறங்குச்சுன்னு வையி, ‘மொக்கச்சாமி காட்டுக்குச் சாந்தி முகூர்த்தமா’ன்னு கேப்பாய்ங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். அவர் குனிந்து சட்டத்தை ஒரு தட்டுத் தட்டினார்.

“எவனோ வெக்கங்கெட்ட பய, பொண்டாட்டி சீராக் கொண்டாந்த கட்டில எடைக்குப் போட்டிருக்கான் பாரு! நானும்தான் எங்க வீட்டுக் கட்டிலக் குடுத்தேன். யாருக்கு? மலையில எஸ்டேட்டு லயத்து வீடுகள்ல தரையில படுக்குற பிள்ளைகளுக்கு. அது தருமம்!”

இந்தத் தருமத்தை ஊர் ரெண்டு வருஷமாகக் கேட்கிறது. முதலில் அந்தக் கட்டிலில் ரெண்டு பிள்ளைகள் படுத்தார்கள். இப்போது எட்டுப் பேர்.

அவரைச் சாப்பிடக் கூப்பிட வந்திருந்தாள் மனைவி செல்லத்தாய். குனிந்து சட்டத்தை விரலால் தடவினாள். நிமிர்ந்து அன்னக்கொடியைப் பார்த்தாள். அப்புறம், “வெரசா வாங்க, சோறு ஆறுது” என்று முன்னால் நடந்தாள்.

நாலாம் நாள் மொக்கச்சாமி வீட்டு வாசலில் ஒரு கருவி இறங்கியது. பளபளவென்று சிவப்புப் பெயின்ட். நடுவில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தில் பெரிய ஸ்டிக்கர்.

“எங்க தம்பி கோயம்புத்தூர்ல இருந்து அனுப்பிருக்கான். கம்பெனி சாமானாம்” என்றாள் செல்லத்தாய்.

மொக்கச்சாமி ஸ்டிக்கரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சந்தனம் வைத்தார். சூடம் காட்டினார். எலுமிச்சம்பழம் நசுக்கினார்.

டிராக்டரைக் கொண்டுவந்த வினோத்குமார் தலையைச் சொறிந்தான். “எந்த நாட்டு எழுத்து மாமா இது?”

“ஜெர்மனி. பாத்தாலே தெரியலயா மாப்ளே? எழுத்தே எம்புட்டு ஒழுக்கமா நிக்குது!”

வயலில் கருவி இறங்கியது. சாமி ஊர்வலத்துக்கு முன்னால் போகிற மாதிரி மொக்கச்சாமி முன்னால் நடந்தார்.

“பாத்தியா, வரிசைக்கு வரிசை ரெண்டேகால் அடி, அச்சாப் பொருந்துது! வெள்ளைக்காரன் அங்க உக்காந்துக்கிட்டே ராசிங்காபுரத்து வயல அளந்திருக்கான். அது மூளை! நம்மூர்லயும் ஒருத்தி இருக்காளே...” இல்லாத கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கால் பேசிக் காட்டினார். “‘ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே!’”

மதியத்துக்குள் ரெண்டு ஏக்கரும் முடிந்தது.

மூணாம் நாள் போடிமெட்டுப் பக்கமிருந்து காற்று இறங்கியது. பக்கத்துத் தோட்டத்தில் மண் அணைக்காத சோளம் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. மொக்கச்சாமியின் சோளம் ஒரு தட்டைகூடச் சாயவில்லை.

சும்மா இருப்பாரா? ஊரைக் கூட்டிவந்து காட்டினார். அன்னக்கொடியை மட்டும் ஆள் விட்டே கூப்பிட்டார்.

“நல்லாப் பாத்துக்கத்தா. இரும்புன்னா இது இரும்பு!”

“ஆமாண்ணே. நல்ல கனம்” என்றாள் அன்னக்கொடி.

கிணற்றடியில் சேறு காய்ந்து கிடந்த கருவியைக் கழுவிக் காட்ட, அவரே மோட்டாரைப் போட்டார். பம்புசெட்டுத் தண்ணீர் சீறிக்கொண்டு விழுந்தது. சேறு கரைந்தது. கூடவே ஜெர்மனியும் உரிந்து வாய்க்காலோடு போனது.

ஸ்டிக்கர் இருந்த இடத்தில், பெயின்டுக்கு அடியில், உளியால் வெட்டிய எழுத்து.

‘மொக்கச்சாமி.’

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

“பாத்தீகளாப்பா! கம்பெனிக்காரன் என் பேரையே வெட்டி அனுப்பிருக்கான்! மரியாத தெரிஞ்சவன்!”

செல்லத்தாய் முந்தானையால் மிச்சச் சேற்றைத் துடைத்தாள். அடுத்த வரியும் தெரிந்தது.

‘செல்லத்தாய் திருமணம். தாய்மாமன் சீர்.’

“க்கும்...” என்றார் மொக்கச்சாமி. முன்னுரை முடிந்ததும் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார்.

“ஏங்க,” என்றாள் செல்லத்தாய், “மலையில எட்டுப் பிள்ளைகளப் படுக்க வச்ச கட்டிலு, எந்த ஜீப்புல ஏறிக் கீழ எறங்குச்சு?”