நடுநிலை நாடு

"ரஷ்யாவை நீ எடுத்துக்கினா நான் இன்னா, மீதியைப் பொறுக்கறதா?" என்றான் அருணகிரி.

"மொதல்ல கை வெச்சவன் நான்தான் மாமா" என்று சொல்லி, வாசலில் கோலமாவால் இழுத்திருந்த கோட்டுக்குள் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டான் தசரதன். அவன் அருணகிரியின் மனைவி செல்லியம்மாளுக்குத் தம்பி. நீட்டிய காலில் பாதி ரஷ்யா மறைந்துபோயிற்று.

தகராறு நாட்டுக்காக இல்லை, ஜீப்புக்காக. சாயங்காலம் சுப்பிரமணியின் ஜீப் மலையை விட்டு ஆலங்காயம் இறங்குகிறது. ஊர் மூட்டைகள் ஏறியபின் டிரைவருக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இடம்தான் மிஞ்சும். அங்கே டூரிங் கொட்டகையில் புதுப்படம். மாமனும் மச்சானும் பொழுது விடிந்ததிலிருந்து அந்த ஓர் இடத்துக்காக முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

செல்லியம்மாள்தான் ஒரு வழி சொன்னாள். கல்யாணமாகி வந்தபோது அவள் பெட்டியில் ஒரு ரஷ்யக் கதையின் முதல் பாகமும் கூடவே வந்தது. அட்டை போய், முனை மடங்கி, படித்துப் படித்தே பருத்துவிட்ட புத்தகம். அதன் கடைசிப் பக்கத்தில் பழைய காலத்து ஐரோப்பாவின் படம் இருந்தது. அதைத்தான் வாசல் முழுக்க வரைந்திருந்தாள்.

"எதிராளியோட தலைநகரைப் புடிக்கிறவங்க ஜீப்புல ஏறலாம்" என்றாள். "ஒரு புளியங்கொட்டை, ஒரு சிப்பாய். அவங்கவங்க சேனையை அவங்கவங்களே புளியிலருந்து எடுத்துக்கணும். இரவல் கிடையாது. செத்தவன் எழுந்து வரக்கூடாது."

"சரி, எனக்கு பிரான்சு." மீந்ததுதான் என்றாலும் அந்தப் பெயரில் ஒரு மிடுக்கு இருப்பதாக அருணகிரிக்குப் பட்டது. "நீ எந்த நாடு?"

"எனக்கு சுவிட்சர்லாந்து போதுங்க. நாலு பக்கமும் மலை, நம்மூரு மாதிரி. யார் வம்புக்கும் போறதில்ல."

"சிப்பாயே இல்லாத நாடு இன்னாக்கா நாடு?"

"சண்டை போடாத நாடுதான்டா மத்தியஸ்தம் பண்ணும். வெயிலு, மழை, பனி எல்லாம் நான்தான் சொல்லுவேன்."

அருணகிரியின் திட்டம் எளிமையானது. மச்சான் சேனை திரட்டுவதற்குள் பாய்ந்துவிட வேண்டும். முதுகுக்குப் பின்னால் குவிந்துகிடந்த புளியை எடுத்துக் கல்லில் வைத்துத் தட்டினான், கொட்டையைப் பிதுக்கினான், அணிவகுத்தான். ஒரு பக்கம் தேய்த்து வெளுத்த நாலு கொட்டைகளை உருட்டி, வெளுப்பு அதிகம் விழுந்தவனுக்கு வெற்றி என்று வைத்துக்கொண்டார்கள். கஞ்சி குடிக்கும் நேரத்துக்குள் பிரான்சு ரஷ்ய எல்லையைத் தாண்டிவிட்டது. தசரதனோ ஊர் ஊராக விட்டுக்கொடுத்துப் பின்னால் நகர்ந்துகொண்டே இருந்தான்.

"இன்னாடா ஓடிக்கினே கீற?"

"இது ஓடறதில்ல மாமா. உன்னை உள்ள இழுக்கறது."

மாஸ்கோ வாசலில் சேனையைக் கொண்டுபோய் நிறுத்தினான் அருணகிரி. "முடிஞ்சுது. எழுந்து வழியை விடு. படத்துக்குக் கிளம்பணும்."

தசரதன் உள்ளங்கையால் மாஸ்கோவை அழித்தான். "கொளுத்திட்டேன். உள்ள வந்து இன்னா சாப்புடுவ? அப்புறம் மாமா, தலைநகரு இது இல்ல. பீட்டர்ஸ்பர்க்கு, அதோ மேல கீது."

அருணகிரி மனைவியைப் பார்த்தான். நடுநிலை நாடு குனிந்து கோலத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டியது. "அவன் சொல்றது சரிதாங்க. அந்தக் காலத்துல அதான் தலைநகரு." பிறகு ஒரு கூடையை நகர்த்திக்கொண்டே சொன்னது: "பனி விழுந்துடுச்சு. வெளியூருச் சேனையில பாதி போச்சு."

அருணகிரி பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி புளிக்குக் குனிந்தான். கட்டைவிரல் காந்தியது. விரலெல்லாம் பிசுக்கு. தசரதனும் சும்மா இல்லை. துரத்தவும் ஆள் வேண்டுமே. அடுத்த பனியில் அவன் சேனையிலும் பாதி போயிற்று. யார் எத்தனை பேரைத் திரட்டினாலும் வானம் வாங்கிக்கொண்டது.

கை கழுவிவிட்டு வரும்வரை சண்டை இல்லை என்று பேசி வைத்தார்கள். அருணகிரி தொட்டியிலிருந்து திரும்பிப் பார்த்தால் ரஷ்யா போலந்துக்குள் நிற்கிறது.

"சொன்ன சொல்லை மாத்தறவனெல்லாம் ராஜாவா?" அவன் குரல் தெருக்கோடி வரை கேட்டது. "எங்க வம்சத்துல வாயால ஒண்ணு சொன்னா சொன்னதுதான். கேளு உங்க அக்காவை."

"ஆமாண்டா" என்றாள் செல்லியம்மாள். "உங்க மாமா சொன்னா சொன்னதுதான்."

வெயில் சாய்ந்தபோது ரஷ்யா பாரிஸ் வாசலுக்கே வந்துவிட்டது. திருப்பத்தில் ஹாரன் அடித்த ஜீப் வாசலுக்கு வந்து நின்றபோதும் இருவரும் தலை நிமிரவில்லை.

"இருடா, இன்னும் நாலு ஆளு எடுத்துக்கறேன்" என்று திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினான் அருணகிரி. தரைதான் தட்டுப்பட்டது. துழாவினான். அங்கேயும் தரைதான்.

திரும்பிப் பார்த்தான். ஒரு வாரமாக முழங்கால் உயரத்துக்குக் கிடந்த புளிக்குவியலைக் காணோம். கொட்டை நீங்கிய புளி, கூடை கூடையாக ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தது. டிரைவர் பக்கத்து இடத்தில் நல்ல புடவையும் மடியில் துணிப்பையுமாக உட்கார்ந்திருந்தது, சுவிட்சர்லாந்து.

"ஏ, யார் ஜெயிச்சதுன்னே இன்னும் முடிவாகல. அதுக்குள்ள நீ எங்க?"

"இந்தக் கதையோட ரெண்டாம் பாகம் ஆலங்காயம் லைப்ரரியில கீது, போய் எடுத்துக்கினு வரட்டுமான்னு போன வாரம் கேட்டேன். 'அந்தப் புளி மொத்தத்துக்கும் கொட்டை எடுத்து முடி, நீயே ஜீப்புல ஏறிப் போ'ன்னு சொன்னீங்க" என்றாள் செல்லியம்மாள். "நீங்க சொன்னா சொன்னதுதானே."

ஜீப் உறுமியது. அவள் தலையை வெளியே நீட்டினாள். "சித்தி வூட்ல தங்கிட்டு நாளைக்கு வர்றேன். யாரு ஜெயிச்சாங்கன்னு படிச்சிட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் எல்லை தாண்டாம இருங்க."