இருநூறு சுற்று

"கடைசியா ஒரு தடவை, அப்பா. வண்டி எந்தப் பக்கம் திரும்பும்?"

"லெஃப்ட்."

"ரைட்ல?"

"திரும்பவே திரும்பாது. முட்டை மாதிரி ரோடு. இருநூறு சுத்து, அத்தனையும் லெஃப்ட்."

"சூப்பர்பா. யூ ஆர் ரெடி," என்று வெண்பா அப்பாவின் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

மயில்சாமி கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் பத்து நிமிடத்தில் முகிலன் தன் அப்பா அம்மாவோடு ஹூஸ்டனிலிருந்து பெண் பார்க்க வந்துவிடுவான். வெண்பாவுக்கு அவனை அவ்வளவு பிடித்திருக்கிறது. சிக்கல் முகிலனின் அப்பா கிட்டுசாமிதான். 'பேச்சுக்கு ஆளில்லாத வீடு' என்று சொல்லி இதற்கு முன் இரண்டு சம்பந்தங்களை வேண்டாமென்று விட்டவராம்.

இந்த வீட்டில் பேசுவதெல்லாம் அவர் மனைவி ராமாத்தாள். மயில்சாமி பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவதோடு சரி. அவள் போய் மூன்று வருடமாகிறது. தலையாட்டுகிற வேலையும் அவளோடு போய்விட்டது.

"அந்த அங்கிளுக்கு பழைய கார் ரேஸ்னா உயிராம்பா. அதுலயும் தொண்ணூத்தி நாலுல நடந்த ஒரு ரேஸ். நீங்க அதைப் பத்தி பேசினா போதும்," என்று போன வாரம் வெண்பாதான் வழி சொன்னாள். சக்கரமெல்லாம் வெளியே துருத்திக்கொண்டு, வெட்டுக்கிளி மாதிரி இருக்கும் வண்டிகள். மயில்சாமி யூடியூபில் நான்கு முறை பார்த்துவிட்டார். ஓட்டியவர்கள் பெயர் ஒன்றும் வாயில் நுழையவில்லை. வண்டிகளை நிறம் வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தார்.

மணி அடித்தது.

கிட்டுசாமி பெரிய மீசையோடு சோபாவை நிறைத்து உட்கார்ந்தார்.

"ஹூஸ்டன்ல மழைங்களா?" என்றார் மயில்சாமி.

"இல்லீங்க."

"இங்கயும் இல்லீங்க."

வெண்பா சமையலறை வாசலிலிருந்து கண்ணைக் காட்டினாள். மயில்சாமி தொண்டையைச் செருமினார்.

"அந்தத் தொண்ணூத்தி நாலு ரேஸு..."

கிட்டுசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதைத்தானுங்க நானும் கேக்கலாம்னு இருந்தேன்!"

"அந்த மஞ்ச வண்டி..."

"அடடா, மஞ்ச வண்டி!" கிட்டுசாமி தொடையில் தட்டினார். "ஆனா நீல வண்டிக்காரன் விட்டானுங்களா?"

"எங்கீங்க விட்டான்? மஞ்சக் கொடி காட்டுனாங்க பாருங்க, நூத்தி நாப்பதாவது சுத்துல. அது காட்டுனா யாரும் யாரையும் முந்தக் கூடாதுங்களே."

"கூடவே கூடாதுங்க! கடைசிச் சுத்துல மஞ்ச வண்டிக்குப் பெட்ரோல் தீர்ந்தப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு."

"எனக்குந்தானுங்க!"

"ஏனுங்க, புள்ள எத்தன நேரமா காப்பியோட நிக்குது? எடுங்க முதல்ல," என்று கிட்டுசாமியின் மனைவி அதட்டினார். இரண்டு பேரும் வெண்பாவைப் பார்க்காமலே டம்ளரை எடுத்துக்கொண்டார்கள். முகிலன் வெண்பாவைப் பார்த்துச் சிரித்தான்.

மயில்சாமிக்கு நம்பவே முடியவில்லை. வாழ்நாளில் ஒருவரோடு இவ்வளவு நேரம் அவர் பேசியதில்லை. உற்சாகம் தலைக்கேறி எழுந்து நின்றார். காப்பி டம்ளரே வண்டியாகிவிட்டது.

"இப்படி மஞ்ச வண்டி திணறிட்டு வருது. பின்னாடியே நீலம். கடைசி வளைவு. அங்க ரைட்ல ஒடிச்சான் பாருங்க ஒரு ஒடி..."

டம்ளர் அந்தரத்தில் நின்றது.

முகிலன் கண்ணை மூடிக்கொண்டான். கிட்டுசாமியின் முகத்தில் சிரிப்பு அப்படியே வடிந்துபோனது.

"ரைட்லயா?"

"ஆ... ஆமாங்க." சொன்னதை விழுங்க வழியில்லை.

கிட்டுசாமி மெதுவாக எழுந்தார். "உங்க கராஜைக் கொஞ்சம் பார்க்கணுங்க. நாம ரெண்டு பேர் மட்டும்."

கராஜில் பக்கவாட்டில் நசுங்கிய மினிவேன் ஒன்று, பொன்னி அரிசி மூட்டை ஐந்து, கூரை முட்ட டிஷ்யூ பேப்பர். ரேஸ் ரசிகன் வீடு என்று சொல்ல ஒரு ஸ்பேனர்கூட இல்லை. கிட்டுசாமி சுற்றிலும் பார்த்துவிட்டு, உள்ளே வந்த கதவைச் சாத்தினார்.

தன் வாயால் மகளின் வாழ்க்கை போயிற்று என்று மயில்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் பண்ணுன தப்புக்குப் புள்ளய வேண்டாம்னு சொல்லிராதீங்க. அவளுக்கு ஒண்ணும்..."

"இருங்க, இருங்க. நான் முதல்ல சொல்லிடறேன்." கிட்டுசாமி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு குரலை இறக்கினார். "ரேஸ் தெரியாத வீட்டுக்கு நீங்க பொண்ணே தரமாட்டீங்கன்னு பையன் சொன்னானுங்க. நாலு நாள் ஆபீசுக்கு லீவு போட்டு, மூணு தடவ பார்த்தேன். நான் பார்த்தவரைக்கும் எல்லா வண்டியும் லெஃப்ட்லயேதான் சுத்துச்சு. அந்த ரைட்டு வர்றப்ப தூங்கிட்டேன் போல, அது எத்தனாவது சுத்துன்னு மட்டும் சொல்லிருங்க, சம்பந்தி!"