சரசு வீட்டு ஜன்னல்

“எல்லாரும் கதவ மூடிக்கினாங்க, சரசு ஆன்ட்டி மட்டும் ஏம்மா ஜன்னல் தொறக்கறாங்க?” கொரோனாவில் வீடே படுத்துக் கிடந்தபோது மகள் ஸ்வீட்டி பியூலாவிடம் கேட்டாள். பக்கத்து வீட்டின் அந்த ஜன்னல் வழியாகத்தான் கஞ்சி வந்தது. இன்று, ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டின் பின்புறம், பியூலாவின் பேரில் எடுத்த கடனில் கட்டப்போகும் சமையலறைக்குக் கணவன் இன்பராஜ் கணக்கெழுதுகிறான். வாசலுக்கும் கிரானைட் வேண்டுமாம். “சரசக்கா செவுத்தோட ஒட்டிட்டா நமக்கு ஒரு செவுரு மிச்சம்.” “அவங்க ஜன்னல்?” “அடைஞ்சா இன்னா? லைட்டு போட்டுக்கட்டும்.” சபையில் ஜெபத்தின்போது கண்மூடி உருகும் அதே முகம். ஊசிப்போன குழம்பைப் பார்ப்பதுபோல் பியூலா அதைப் பார்க்கிறாள். செங்கல் விலை கேட்க அவன் போனோடு தெருவுக்குப் போகிறான். அவள் கணக்குத் தாளில் கிரானைட்டை அடித்துவிட்டு, அந்தக் காசுக்குச் ‘சுவர்’ என்று எழுதுகிறாள். சரசுவின் ஜன்னலடியில் அஸ்திவாரத்துக்குப் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டைக் காலால் அழித்து, தன் சமையலறை குறுகும்படி உள்ளே தள்ளிப் போடுகிறாள். சரசுவின் குக்கர் விசிலடிக்கிறது. ஜன்னலில் யாரும் இல்லை.