அத்தான் விற்ற கார்

மெக்கானிக் தாவீது பிரேக் பெடலை மிதித்தபடியே உட்கார்ந்திருந்தான். அது மெல்ல மெல்ல அடிவரை இறங்கியது.

"பிரேக் ஆயில் வெளிய ஒரு சொட்டு ஒழுகலைக்கா. மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ளயே விடுது, மிதிக்கிற அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. மாசக்கணக்கா இப்படித்தான் இருந்திருக்கும். ஓட்டுனவருக்குத் தெரியாம இருக்காது."

ஓட்டியவர் அருளப்பன், ஜெசிந்தாவின் இறந்துபோன கணவனுக்கு அண்ணன். போன வாரம்தான் அந்தப் பழைய காரை அவளுக்கு விற்றிருந்தார். நேற்று மலைப்பாதையில் பிள்ளைகளோடு இறங்கியபோது பிரேக் பிடிக்கவில்லை. கியரைக் குறைத்து, பாறையில் உரசித்தான் நிறுத்தினாள்.

அங்கிருந்து முதல் கியரிலேயே காரை ஊர விட்டு அருளப்பன் வீட்டு முன் நிறுத்தினாள்.

"பழைய வண்டின்னா பெடல் மெத்துன்னுதாம்மா இருக்கும். ரெண்டு மிதி மிதிச்சா பிடிச்சிடும்" என்றார் அருளப்பன், அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு.

"அப்ப மலையடிவாரம் வரைக்கும் நீங்களே ஓட்டிக் காட்டுங்க அத்தான்."

நீட்டிய சாவியை அவர் வாங்கவில்லை.

உள்ளேயிருந்து அவர் மனைவி பிலோமினா பையோடு வந்தாள். "கீழயா போறீங்க? நானும் சந்தைக்கு வரேன்" என்று பின்கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள்.

"இறங்குடி!" அருளப்பன் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

பிலோமினா இறங்கவில்லை. ஜெசிந்தாவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஏன்?" என்று கேட்டாள்.