எந்தக் கை

அவன் வலது கையை அடிக்கட்டையின் மேல் வைத்துவிட்டான்.

இடது கையில் கோடாலி. இவ்வளவு நேரமும் அதைத் தீட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஓரம் மின்னியது.

அவள் விறகுக்கடை வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே போனால் ஓங்கிவிடுவான். போகாவிட்டாலும் ஓங்கிவிடுவான்.

மதியச் சாப்பாட்டு நேரம். கடையில் வேறு ஆள் இல்லை. அவள் வேதக்கோயிலுக்கு ஓடிப்போய்க் கையோடு கூட்டி வந்த உபதேசியார் மட்டும் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

"ஏல ஆசீர், வேண்டாம்ல. கோடாலியக் கீழ போடு."

"கிட்ட வராதிய ஐயா."

அவன் குடித்திருக்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

காலையில்தான் டாக்டர் சொன்னார். அவர்கள் மகள் பெனினாவின் இடது காது இனிமேல் கேட்காது. ஆறு வயசுப் பிள்ளை. சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிட்டாள், அவ்வளவுதான். அவன் கையால் ஒரே அறை.

டாக்டர் சொல்லச் சொல்ல அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒன்றும் பேசாமல் எழுந்தான். தான் விறகு பிளக்கிற கடைக்கு நேரே வந்துவிட்டான்.

"நீங்கதான ஐயா பிரசங்கத்துல சொன்னிய. பாவம் செய்ய வைக்கிற கைய வெட்டிப் போடணும்னு. வேதத்துல எழுதியிருக்கத எழுதியிருக்கபடியே செய்யணும், அர்த்தம் கிர்த்தம் தேடப்படாதுன்னு."

உபதேசியார் கோடாலியைப் பார்த்தார்.

சொன்னார்தான். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார்.

"ஏல, நான் முழுசாச் சொல்லல," என்றார். "ஆதிச் சபையிலயே இந்த வசனத்த வச்சு மல்லுக்கு நின்னிருக்காங்க. எழுத்தப் புடிச்சிக்கிட்டு ஒடம்ப அறுத்துக்கிட்டவனும் அன்னைக்கு உண்டு. பெரியவங்க அவன மெச்சல, கண்டிச்சாங்க. வேதத்துக்கும் மனுசன மாதிரி ஒடம்பு இருக்கு, ஆத்துமா இருக்குன்னாங்க. எழுத்து வெறும் ஒடம்புதாம்ல."

"எம் பிள்ளைக்குப் போனது ஆத்துமாவா ஐயா? ஒடம்புல உள்ள காதுதான போச்சு."

கோடாலி உயர்ந்தது.

அவள் அலறினாள்.

"இடது கை என்னல பண்ணிச்சு?" அவள் அலறலுக்கு மேலே உபதேசியார் கத்தினார். "பிள்ளைய அடிக்கும்போது ஒன் இடது கை எங்க இருந்துச்சு? சொல்லு!"

கோடாலி அந்தரத்தில் நின்றது.

அவன் யோசித்தான். அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் அடுப்படியில் நின்று பார்த்தவள்.

"சட்டையப் புடிச்சிருந்துச்சு," என்றான். "பிள்ள ஓடிராம."

"அப்ப அதையும் வெட்டணும்லா. வலத இடது வெட்டும். இடத யாருல வெட்டுவா?" உபதேசியார் ஓரடி முன்னால் வைத்தார். "எழுதினபடி செய்ய முடியாத எடத்த ஆண்டவரே முட்டுக்கட்டையா வச்சிருக்காரு, அங்க நின்னு வேற அர்த்தம் தேடுன்னாங்க பெரியவங்க. தேடுல. கையத் தூக்காத, தேடு."

கோடாலி மெல்லத் தாழ்ந்தது.

விரல்கள் ஒவ்வொன்றாக அதை விட்டன.

அவள் ஒரு விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். கை தப்பியது. நாளைக்கும் அது விறகு பிளக்கும். சோறு போடும்.

அந்தக் கையின் அறை அவள் கன்னத்துக்கும் தெரியும்.

"அப்பக் கைன்னா என்ன ஐயா?"

உபதேசியார் துண்டால் முகத்தைத் துடைத்தார். உயிர் திரும்பி வந்தவர்போல வேகமாகச் சொன்னார். "கைன்னா, கை மாதிரி கூடவே இருக்கிறவன்னு அவங்கள்ல சில பேரு சொன்னாங்க. சொந்தமோ சிநேகமோ, எம்புட்டு வேண்டியவனா இருந்தாலும் சரி. அவனால கேடு வருதுன்னா அவன அறுத்து விட்டுரணும்னு."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகம் மாறியது.

ஆசீர் தலையை ஆட்டினான். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"அப்ப அது நாந்தான்."

"ஏல, நான் ஒன்னச் சொல்லல..."

"இல்லய்யா. இது சரியா இருக்கு."

ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். அவளைத் தாண்டும்போது நின்றான். அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கண் காய்ந்து கிடந்தது.

"பிள்ள கேட்டா..." என்று ஆரம்பித்தான்.

அந்தச் சொல்லைத் தாண்டி அவனால் போக முடியவில்லை.

ரோட்டைப் பார்த்து நடந்தான்.

உபதேசியார் பதறினார். "கூப்புடும்மா எப்சி. நாங் கூப்புட்டா நிக்க மாட்டான். நீ கூப்புட்டாத் திரும்பிருவான்."

அது அவளுக்குத் தெரியும்.

திரும்பிவிடுவான். அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுவான். ஒரு மாசமோ ரெண்டு மாசமோ பிள்ளையைத் தோளைவிட்டு இறக்கமாட்டான். தானே சோறு பிசைந்து ஊட்டுவான்.

பிறகு.

தூத்துக்குடி பஸ் வந்து நின்றது. அவன் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"கூப்புடும்மா!"

"ஏங்க" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அவள் முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.